லோரி ஒன்று, கல்லா ஐந்து

ஒரு சாவு வீட்டுக்கு என்னென்ன தேவை என்று எண்ணிப் பார்த்தால் எங்கள் ஐந்து தொழில்களும் அதற்குள் வந்துவிடும். வாசலில் கெனோபி, நாற்காலி, மேசை. கெனோபிக்குள் விளக்கு, காற்றாடி. இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்குக் காப்பித் தண்ணீர், மறுநாள் சாப்பாடு. மாலை. பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குத் திரும்பவும் கெனோபி, திரும்பவும் சாப்பாடு, படையலுக்கு முறுக்கும் அதிரசமும். கல்யாண வீட்டுக்கும் இதே பட்டியல்தான், அளவுதான் பெரிது. எங்கள் ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு குடும்பம் இவ்வளவுக்கும் ஆள் தேடித் தொலைபேசியும் கையுமாக அலையும். கெனோபிக்காரர் பந்திங்கில் இருப்பார், சமையல்காரர் கிள்ளானில் இருப்பார், மாலைக்குத் தெங்கு கிளானா சாலை வரைக்கும் ஓட வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் வருவார்கள். கெனோபி வந்து சேராத வாசலில் நாற்காலிகள் வெயில் காயும்.

தொழிற்சாலைக் கேண்டீனில் "ஏதாவது சொந்தமா பண்ணுவோம்" என்ற பேச்சு எழுந்தபோது எல்லார் வாயிலும் வந்தது உணவகம்தான். நம்மவர் ஐந்து பேர் சேர்ந்தால் முதலில் வாழையிலைதான் கண்ணில் தெரியும். எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. ஐந்து குடும்பம் ஒரே கல்லாவில் கை வைத்துச் சாப்பிடுகிற உணவகம் இந்த வட்டாரத்தில் எங்கே இருக்கிறது? யாராலும் காட்ட முடியவில்லை. ஒரு கடையை ஐந்து பேர் பங்கு போடுவதைவிட, ஐந்து சின்னத் தொழிலை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளரை மட்டும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை அங்கேதான் முளைத்தது.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், கோலாலங்காட் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கேரித் தீவுக்குப் போகும் வழி, இன்னொரு பக்கம் ஜெஞ்சாரோம். 1971-இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்த பிறகு நாடெங்கும் எழுந்த தொழிற்பேட்டைகளில் ஒன்று எங்கள் ஊரிலும் வந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு ஷிப்ட் வேலைக்குப் போனது அதற்கப்புறம்தான். நாங்கள் ஐவரும் அந்த இரண்டாம் தலைமுறை. தொழிற்சாலையில் யாரையும் முழுப் பெயரில் கூப்பிடும் வழக்கம் கிடையாது. பிரிவின் பெயர்தான் ஆளின் பெயர். கேண்டீன் அக்கா சமையல். கியூசி அக்கா பலகாரம். போர்க்லிஃப்ட் அண்ணன் மாலை, ஏனென்றால் அவர் வீட்டுக்காரம்மா கட்டும் மாலைக்குக் கோயிலில் பெயர் இருந்தது. மெயின்டெனன்ஸ் தம்பிக்கு ஏர்கோன், விளக்கு, ஒயரிங். நான் ஷிப்பிங் கிளார்க். கெனோபியும் நாற்காலியும் என் பொறுப்பு, எல்லாருடைய பேப்பர் வேலையும் என் தலையில்.

அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2013 ஜனவரியில் அது வந்தபோது அடிப்படைச் சம்பளம் ஏறியது, ஓவர்டைம் பல இடங்களில் சுருங்கியது. மாதக் கடைசியில் கையில் வருவது முன்பு மாதிரியே இருந்தது. ஆனால் மாலை நேரம் மிச்சமானது. அந்த மாலை நேரம்தான் எங்கள் முதல் மூலதனம்.

இரண்டாவது மூலதனத்துக்குக் கூட்டுப் போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. மாதம் இவ்வளவு என்று ஆளாளுக்குப் போட்டு, முறை வைத்து எடுக்கிற அந்தக் கூட்டு 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. வர்த்தக வட்டாரத்தைத் திறந்த அதே ஆண்டு அதை மூடினார்கள் என்பது ஒரு வேடிக்கை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதில் வேறொரு தயக்கம். முதலில் எடுத்தவர் தொழில் படுத்தால் கடைசியில் எடுக்க இருப்பவர் பகையாளியாகிவிடுவார். நாங்கள் ஐந்து பேரும் நாளைக்குக் காலையில் ஒரே வாசலில் பஞ்ச்கார்டு அடிக்க வேண்டியவர்கள். ஆகவே அவரவர் தொழிலுக்கு அவரவர் பணம். போதாதவர்கள் தெக்குன் நேஷனலின் இந்தியத் தொழில்முனைவோர் கடனுக்கு மனுப் போட்டார்கள். அதற்கு வணிகப் பதிவு வேண்டும். அதனால் பிரிக்பீல்ட்ஸ் போனோம்.

வணிகப் பதிவு என்றால் மலேசியக் கம்பெனிகள் ஆணையம், நாம் எஸ்.எஸ்.எம். என்று சொல்வது. அதன் தலைமையகம் கேஎல் சென்ட்ரலில், பிரிக்பீல்ட்ஸுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் போராங் ஏ என்ற படிவம் கொடுக்க வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. இவ்வளவு மலிவாக இருந்ததுதான் ஆபத்து. ஐந்து தொழிலிலும் ஐந்து பேரும் பங்காளி என்று எழுதிவிட எல்லாருக்கும் ஆசை. "நம்ம ஒண்ணா இருக்கோம்னு ஒரு இது இருக்கணும்ல," என்றார் போர்க்லிஃப்ட் அண்ணன்.

அதைத் தடுத்தது துன் சம்பந்தன் சாலையில் மாடியில் கணக்கு எழுதும் ஒரு பெரியவர். எங்கள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, அஞ்சு பேரும் அஞ்சுலயும் பேர் போட்டா என்ன ஆகும் தெரியுமா? சமையல்காரம்மா மளிகைக் கடையில வைக்கிற கடனுக்கு உங்க கெனோபி பதில் சொல்லும். கெனோபி பத்தலைன்னா உங்க வீடு பதில் சொல்லும்."

"நாங்க அப்படியெல்லாம் கடன் வைக்க மாட்டோம் ஐயா," என்றார் கேண்டீன் அக்கா.

"வைக்காம எந்தத் தொழிலும்மா நடக்குது?"

அவர் சொன்னது 1961-ஆம் ஆண்டுப் பங்காளிச் சட்டம். ஒரு பங்காளி தொழிலுக்காகச் செய்வது எல்லாரையும் கட்டும். கடனுக்கு வரம்பு கிடையாது, சொந்தச் சொத்து வரைக்கும் வரும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நட்டமும் சமபங்கு, யார் விடிய விடிய அடுப்படியில் நின்றார்கள் என்று சட்டம் கேட்காது. வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள பங்காளிமை என்ற வகை 2012 கடைசியில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்குப் பதிவே 500 வெள்ளி, பிறகு ஆண்டுக்கு 200. பழைய நாற்காலி வாங்கி வாடகைக்கு விடப் போகிறவர்களுக்கு அது தாங்காது.

பிறகு அந்தப் பெரியவர் லெபோ அம்பாங் கதைக்குப் போனார். நகரத்தார் கோலாலம்பூரில் வட்டித் தொழில் நடத்திய தெரு அது. அவர்களுடைய கிட்டங்கியில் ஒரே கூடத்தில் பல கடைகள் இருக்கும். கடை என்றால் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி, ஒரு ஆள். பெட்டியடியில் உட்கார்ந்தால் அது ஒரு தனி நிறுவனம், தனி விலாசம், தனிப் பேரேடு. ஊரிலிருக்கும் ஒரே முதலாளி ஒரு விலாசத்தில் மைத்துனரோடும், இன்னொரு விலாசத்தில் சிற்றப்பன் மகனோடும் பங்கு வைத்திருப்பார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. ஆட்கள் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்குக் கடல் தாண்டி வந்தவர்கள். சாப்பாடு பொதுச் சமையலில், படுக்கை அதே கூடத்தில், சாமி அறை எல்லாருக்கும் ஒன்று. பெட்டி மட்டும் தனி. பக்கத்துப் பெட்டிக்குப் பணம் போனால் அண்ணன் தம்பியாக இருந்தாலும் பற்று வரவு எழுதி, வட்டி போட்டு, அப்புறம்தான் போகும்.

வட்டித் தொழில் பற்றித் தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை. ஆனால் அந்தக் கூடத்தின் அமைப்பு எனக்குப் பிடித்துப்போனது. கூரையும் சோறும் பொது, பெட்டி தனி. அன்றைக்கே முடிவு செய்தோம். ஒவ்வொரு தொழிலும் ஒருவர் பெயரில் மட்டும். ஐந்து வங்கிக் கணக்கு, ஐந்து ரசீதுப் புத்தகம். ஒருவர் தொழிலில் இன்னொருவர் வேலை செய்தால் அன்றைக்கே கூலி. நட்புக்காகச் சும்மா வந்து நிற்பது கூடாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். "உன் கெனோபி கட்ட வந்ததுக்கு நான் காசு வாங்கணுமா?" என்று தம்பிக்குக் கோபமே வந்துவிட்டது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். சும்மா செய்த உதவிக்குக் கணக்கு இல்லை என்று யார் சொன்னது? அது மனதில் எழுதப்படும், ஒவ்வொருவர் மனதிலும் வேறு வேறு தொகையாக.

கெனோபியைப் பற்றி நான் இரண்டு நாள் பேசுவேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 20-க்கு 20 அடிச் சட்டம் ஒன்றுக்கு எத்தனை குழாய், எந்தக் குழாய் எந்த மூலைக்கு என்பது இருட்டிலும் தெரிய வேண்டும், ஏனென்றால் சாவு வீட்டு அழைப்பு பெரும்பாலும் இருட்டில்தான் வரும். நாங்கள் குழாய் நுனிகளில் சாயம் அடித்து வைத்தோம். கூரைக்குச் சிவப்பு, காலுக்கு மஞ்சள், குறுக்குக்கு நீலம். டார்ச் வெளிச்சத்தில் யார் வேண்டுமானாலும் பொருத்தலாம். எங்கள் பக்கத்து மண் கடலோரக் களிமண், சில இடங்களில் கரிமண். முளைக்கம்பி அடித்தால் முதல் மழைக்கு ஆடத் தொடங்கும். தார் ரோட்டில் முளையே அடிக்க முடியாது. இரண்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் நிரப்பிய டிரம்களில் கயிற்றைக் கட்டினோம். காலி டிரம்மை ஏற்றிக்கொண்டு போய் அங்கே குழாயடியில் நிரப்பிக்கொள்ளலாம், லோரிக்குச் சுமை இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம் கித்தான் துணி. ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாளிலேயே கரும்புள்ளி விழும், பிறகு எந்த சோப்புக்கும் போகாது. வெள்ளைக் கெனோபியில் கரும்புள்ளி இருந்தால் கல்யாண வீட்டார் முகம் சுளிப்பார்கள். சாவு வீட்டார் பார்க்க மாட்டார்கள், ஆனால் வந்தவர்கள் பார்ப்பார்கள். அவர்கள்தான் அடுத்த வாடிக்கையாளர்கள்.

ரோட்டை அடைத்துக் கெனோபி போட நகராண்மைக் கழகத்திடமும் போலீசிடமும் சொல்ல வேண்டும். கல்யாணம் என்றால் முன்கூட்டியே மனுப் போடலாம். சாவுக்கு யார் முன்கூட்டி மனுப் போடுவார்?

முன்பணம் விஷயத்திலும் இந்த இரண்டு வீடும் வேறு வேறு. கல்யாணத்துக்குப் பாதி முன்பணம் வாங்காமல் நாங்கள் தேதி குறித்ததில்லை. சாவு வீட்டில் வாசலில் நின்று பணம் கேட்க வாய் வராது, கேட்கவும் மாட்டோம். ஆனால் நின்றுபோன கடன்கள் எல்லாம் கல்யாண வீட்டுக் கடன்கள்தான். கல்யாணம் முடிந்தால் கை காலி, அடுத்து தேன்நிலவுக்கு விமான டிக்கெட் எடுத்திருப்பார்கள். சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள், ஊழியர் சேமநிதி வாரியத்தின் 2,500 வெள்ளி மரண உதவிக்கும் மனுப் போட்டிருப்பார்கள். அதற்கு மேல், செத்தவர் பெயரில் கடன் நிற்கக்கூடாது என்ற எண்ணம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. கருமக்கிரியைக்குள் பணம் வந்துவிடும்.

வாடிக்கையாளருக்கு எங்கள் ஐந்து கல்லா ஏற்பாடு பிடிக்கவில்லை. "ஒரே பில்லா குடுங்கப்பா" என்பார்கள். ஆகவே தொலைபேசி எண் ஒன்று, விலைப்புள்ளி ஒன்று, கடைசியில் கொடுப்பது ஒன்றாக ஸ்டேப்ளர் அடித்த ரசீதுகள். யார் அழைப்பை எடுத்தாலும் மற்ற நால்வருக்கும் வாட்ஸ்அப் போகும். அழைப்பைக் கொண்டு வந்தவருக்குக் கமிஷன் கிடையாது. அதைத் தொடங்கியிருந்தால் யார் முதலில் எடுத்தது என்ற சண்டையிலேயே காலம் போயிருக்கும்.

பல தொழில் சேர்ந்து நடத்துவதில் உண்மையான ருசி பஞ்சாங்கத்தில்தான் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் கல்யாணம் இல்லை, கெனோபிக்கும் மாலைக்கும் வறட்சி. ஆனால் ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ சீனர்களின் ஏழாம் மாதப் பூசை வரும், மேடைக்கும் விருந்துக்கும் கெனோபி கேட்பார்கள். பள்ளி விடுமுறைகளில் மலாய்க்காரர் வீட்டுக் கெண்டூரி விருந்து. அங்கே எங்கள் சமையல் போகாது, நாற்காலியும் கெனோபியும் போகும். புரட்டாசியில் சைவச் சாப்பாடு, கேண்டீன் அக்காவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஐப்பசியில் தீபாவளி, கியூசி அக்கா வீட்டில் நடக்க இடம் இருக்காது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்காரர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். ஏர்கோன் தம்பிக்கு மழையும் கிடையாது, மாதமும் கிடையாது. தீபாவளிக்கு முன்பும் நோன்புப் பெருநாளுக்கு முன்பும் எல்லா வீட்டுக்கும் ஏர்கோன் கழுவ வேண்டும். ஒரு தொழில் படுத்திருக்கும் மாதத்தில் அதன் முதலாளி அடுத்தவரிடம் கூலிக்குப் போனார். ஆடியில் நான் முறுக்கு மாவு சலித்திருக்கிறேன்.

முறுக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கியூசி அக்கா தொழிற்சாலையில் கற்ற பழக்கத்தை அடுப்படிக்கும் கொண்டு வந்தவர். உளுந்தை வறுத்து அரைக்கும்போது ஒவ்வொரு ஈடுக்கும் ஒரு பிடி தனியாக எடுத்துத் தேதி போட்டு வைப்பார். முறுக்கு கடினமாக வந்தால் எந்த ஈடு என்று தேடிப் பிடிப்பார். சிவப்பு மூடிப் பாலாங்கில் அடைத்து, 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள் கேட்கிறபடி பொருள்களும் முகவரியும் அச்சிட்ட சீட்டு ஒட்டுவார். அடுப்படியில் நிற்கும் எல்லாரும் டைபாய்டு ஊசி போட்டு, உணவு கையாளும் வகுப்புக்கும் போய் வந்தவர்கள். 'ஹலால்' என்று எழுதச் சொல்லிச் சில கடைக்காரர்கள் கேட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் போடுவது குற்றம், அக்கா போடவே இல்லை. அதற்குப் பதில் சீன எழுத்தில் சைவம் என்று அச்சிட்டார். ஜெஞ்சாரோமில் பெரிய பௌத்தக் கோயில் இருக்கிறது, அங்கே போய்வரும் சைவக்காரச் சீனக் குடும்பங்கள் தேடி வந்து வாங்கின. சீனப் புத்தாண்டு அவருக்கு இரண்டாவது தீபாவளி ஆனது அப்படித்தான்.

லோரிதான் எல்லாரையும் கட்டி வைத்தது, எல்லாரையும் அதிகமாகச் சண்டை போட வைத்ததும் அதுதான். அது என் கெனோபித் தொழிலின் பெயரில், சி வகை உரிமத்தில் இருந்தது. சி உரிமத்தில் சொந்தச் சரக்கைத்தான் ஏற்றலாம். அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற ஏ உரிமம் வேண்டும். கேண்டீன் அக்காவின் அண்டாக்கள் சட்டப்படி அடுத்தவர் சரக்கு. ஒரே வீட்டுக்கு ஒரே நேரத்தில் போகிற கெனோபியையும் அண்டாவையும் எப்படிப் பிரிப்பது? ஷிப்பிங் கிளார்க் மூளை அங்கேதான் வேலை செய்தது. பெரிய அண்டா, அடுப்பு, பரிமாறும் மேசை எல்லாவற்றையும் கெனோபித் தொழில் விலைக்கு வாங்கியது. அக்கா அதை என்னிடம் நாள் வாடகைக்கு எடுத்தார். இப்போது அண்டா என் சரக்கு. அரிசியும் கறியும் அவருடைய வேனில் போகும்.

வேலையை யார் எப்போது விடுவது என்பதற்கும் ஒரு முறை வைத்தோம். தொழிற்சாலையில் இருந்தால் சேமநிதிக்கு நம் சம்பளத்தில் 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. வெளியே வந்த நாளிலிருந்து அந்த 13 நம் கல்லாவிலிருந்துதான் வர வேண்டும். ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி வரை அந்த இரண்டு பங்கையும் சேர்த்துத் தன் தொழிலால் எடுத்து வைக்க முடிந்தவர் மட்டும் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம். முதலில் கொடுத்தவன் தம்பி. கடைசியில் நான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கெனோபி, சமையல், மாலை மூன்றும் ஒரே நாளில் நின்றன. கல்யாணம் இல்லை. சாவு வீட்டிலும் விரல் விட்டு எண்ணும் ஆட்களுக்குத்தான் அனுமதி. முறுக்கு வாட்ஸ்அப்பிலும் ஷோப்பியிலும் ஓடியது, ஏர்கோனும் கொஞ்ச நாளில் எழுந்துகொண்டது. அந்த இரண்டு கல்லாவும் மற்ற மூன்றுக்கும் கடன் கொடுத்தன. எழுதி வாங்கிய கடன், திருப்பித் தரும் தேதியோடு. நட்பு கெடாமல் அந்த வருடத்தைத் தாண்டியதற்கு அந்தத் தாள்கள்தான் காரணம் என்பது என் எண்ணம். கேண்டீன் அக்கா கடவுள் என்பார்.

மாலைத் தொழில் தாண்டவில்லை. முகூர்த்த நாளுக்கு முன் மல்லிகை விலை ஏறும் ஏற்றத்தை எந்த விலைப்புள்ளியிலும் அடக்க முடியாது என்று அண்ணன் முன்பே அலுத்துக்கொண்டிருந்தார். போராங் சி கொடுத்து மூடினார். பூக்காரர்களுக்குத் தர வேண்டியதை அவர் தந்தார், எங்கள் நால்வர் வாசலுக்கு யாரும் வரவில்லை. இப்போது அவர்தான் எங்கள் லோரி டிரைவர், நாள் கூலிக்கு அல்ல, சம்பளத்துக்கு. சேமநிதியும் பெர்க்கேசோ காப்புறுதியும் கட்டுகிறோம். அண்ணனுக்குக் கணக்குப் பார்க்கும் தொல்லை போனதில் முகம் தெளிந்துவிட்டது.

2021 டிசம்பர் 18-இல் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது எங்கள் அண்டாக்கள் கோயில் மண்டபத்துக்குப் போயின, அரிசியும் பருப்பும் யார் யாரோ கொண்டு வந்து கொட்டினார்கள். கெனோபிக்கு வாடகை வாங்கவில்லை. அதற்குப் பிறகு பல வாரம் தம்பிக்குச் சேறு புகுந்த ஏர்கோனும் சலவை இயந்திரமும்தான். அந்த வேலைக்குக் காசு வாங்கினான், குறைத்து வாங்கினான். வாங்கலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. அவனுடைய கல்லா, அவன் முடிவு.

அவன் இப்போது சென்டிரியான் பெர்ஹாட் ஆகிவிட்டான். 2016-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு ஒரே ஆள் கம்பெனி தொடங்கலாம், பதிவுக்கு 1,000 வெள்ளி. தொழிற்சாலைகளின் பராமரிப்புக் குத்தகைக்கு அப்படிப் பதிந்த பெயர் இல்லாமல் மனுவே வாங்க மாட்டார்கள். குத்தகை கிடைத்தால் அவனுக்குச் சாமான் ஏற்ற லோரி வேண்டும். என் லோரியை வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். கெனோபிக்கு நான் அவனிடம் வாடகைக்கு எடுக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் உரிமம் சி-யா ஏ-யா என்ற பழைய கேள்வி தலைகீழாக வந்து நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் வாகனச் சோதனை இருக்கிறது, டயர் நான்கும் மாற்றினால்தான் இந்த முறை தேறும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். விற்பதற்கு முன் டயருக்கு யார் பணம் கொடுப்பது என்று நானும் தம்பியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.